மலை மிதிவண்டித் தெரிவு

மலை மிதிவண்டி என்பது கரடுமுரடான தரை, மண்பாதை, செங்குத்தான ஏற்ற இறக்கங்கள் ஆகியவற்றில் ஓட்டுவதற்கென வடிவமைக்கப்பட்ட மிதிவண்டி ஆகும். அகன்ற டயர், நேரான கைப்பிடி, ஏற்றத்துக்கு ஏற்ற தாழ்ந்த கியர்கள், வலுவான பிரேக் ஆகியன இதன் அடையாளங்கள். தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் இது பெரும்பாலும் "கியர் சைக்கிள்" என்று அழைக்கப்படுகின்றது. ஆனால் கியர் உள்ள எல்லா மிதிவண்டிகளும் மலை மிதிவண்டிகள் அல்ல. மலை மிதிவண்டி போன்ற தோற்றத்துடன் விற்கப்படும் எல்லா வண்டிகளும் மலைக்கு ஏற்றவையும் அல்ல.

எந்த மலை மிதிவண்டி சிறந்தது என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. எங்கே, எவ்வளவு தூரம், எந்தத் தரையில் ஓட்டப்போகிறோம் என்பதைப் பொறுத்தே தெரிவு அமைகின்றது. இக்கட்டுரை தேனி மாவட்டத்தின் வருசநாடு, கம்பம் பள்ளத்தாக்கு ஆகிய பகுதிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு அத்தெரிவை விளக்குகின்றது. சமவெளிச் சாலை, மணற்பாங்கான தோப்புப் பாதை, கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைச்சாலை, காப்புக்காடு ஆகிய நான்கும் ஒரே நாள் பயணத் தொலைவுக்குள் அமைந்திருப்பதால் இப்பகுதி இதற்கு மிகவும் பொருத்தமானது.

வரலாறு

மலை மிதிவண்டி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள மரின் கவுண்டியில் 1970களில் தோன்றியது. அங்குள்ள இளைஞர்கள் சிலர் 1930, 1940களில் செய்யப்பட்ட, பருத்த டயர்களை உடைய பழைய மிதிவண்டிகளை வாங்கி மலைப்பாதைகளில் இறக்கி ஓட்டினர். 1976 அக்டோபர் 21 அன்று அவர்கள் நடத்திய இறக்கப் பந்தயம் "ரீபேக்" என்ற பெயரால் அறியப்படுகின்றது. பெயர்க் காரணம் சுவையானது. அவ்வண்டிகளின் பிரேக் பின்சக்கரத்தின் அச்சுக்குடத்துக்குள் இருந்தது. ஒரு முறை மலையிறங்கினால் அதன் கிரீஸ் முழுவதும் புகையாகிவிடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். மலை மிதிவண்டியின் முதல் சிக்கலே பிரேக்கின் வெப்பம்தான் என்பதை இப்பெயர் நினைவூட்டுகின்றது.

ஜோ பிரீஸ் 1977இல் மலைப்பாதைக்கென்றே தனிச் சட்டகம் ஒன்றை உருவாக்கத் தொடங்கினார். கேரி ஃபிஷர், சார்லி கெல்லி ஆகியோர் டாம் ரிச்சி செய்த சட்டகங்களைக் கொண்டு 1979இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயரிலிருந்தே "மவுண்டன் பைக்" என்னும் சொல் பரவியது. பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்ட முதல் மலை மிதிவண்டிகளுள் ஒன்றான ஸ்டம்ப்ஜம்பர் 1981இல் வெளிவந்தது. 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை மிதிவண்டிப் பந்தயம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது.

இந்தியாவில் மலை மிதிவண்டியின் தோற்றம் 1990களில் பரவலானது. ஹீரோ ரேஞ்சர், ஹெர்குலிஸ் எம்டிபி போன்ற வண்டிகள் அக்காலத்துப் பள்ளி மாணவர்களின் கனவாக இருந்தன. ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ வண்டிகளைத் தயாரிக்கும் டிஐ சைக்கிள்ஸ் 1949இல் சென்னை அம்பத்தூரில் நிறுவப்பட்டதாகும். எனினும் அன்றைய வண்டிகளில் பெரும்பாலானவை பருத்த டயரும் நேர்க் கைப்பிடியும் மட்டுமே கொண்டிருந்தன, ஒற்றைக் கியர்தான். தோற்றம் மலையுடையது, இயக்கம் பழைய மிதிவண்டியுடையது.

நிலப்பரப்பு

வைகை ஆறு வருசநாட்டு மலையில் தோன்றுகின்றது. தேனியிலிருந்து கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை வழியாக வருசநாடு செல்லும் சாலை மூல வைகையை ஒட்டி மெல்ல மெல்ல ஏறுகின்றது. சாலையை விட்டு இறங்கினால் தென்னந்தோப்புகளுக்கும் இலவம்பஞ்சு மரங்களுக்கும் இடையே மண்பாதைகள் செல்கின்றன. இங்கு ஏற்றம் குறைவு; ஆனால் மணல், உருளைக்கல், முள் ஆகிய மூன்றும் உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஓடைகள் குறுக்கிடும்.

கம்பம் பள்ளத்தாக்கின் தரை வேறு வகையானது. தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஊர்களை இணைக்கும் நெடுஞ்சாலை பெரும்பாலும் மேடு பள்ளம் அற்றது. முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் விளையும் நெல் வயல்கள், திராட்சைத் தோட்டங்கள் ஆகியவற்றின் ஊடே செல்லும் பாதைகளும் கால்வாய்க் கரைகளும் மலை மிதிவண்டி பழகுவதற்கு ஏற்றவை.

மூன்றாவது வகை மலைச்சாலைகள். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு செல்லும் சாலை, சின்னமனூரிலிருந்து மேகமலை செல்லும் சாலை, லோயர்கேம்பிலிருந்து குமுளி செல்லும் சாலை, கம்பம்மெட்டுச் சாலை, மயிலாடும்பாறையிலிருந்து மல்லப்புரம் செல்லும் சாலை ஆகியன இவ்வகையில் அடங்கும். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மேகமலைச் சாலையில் 18. இவை தார்ச்சாலைகள் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். போடிமெட்டு ஏறுவதற்கு அதிர்வுதாங்கி தேவையில்லை, தாழ்ந்த கியர்தான் தேவை. மலை என்றவுடன் மலை மிதிவண்டி வாங்கியாக வேண்டும் என்று கருதுவது ஒரு பொதுவான பிழை.

இவற்றோடு காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். சூன் முதல் ஆகத்து வரை தென்மேற்குப் பருவக்காற்று கணவாய்களின் வழியே பள்ளத்தாக்குக்குள் பலமாக வீசுகின்றது. ஆண்டிபட்டி, தேனிப் பகுதிகளில் காற்றாலைகள் நிறுவப்பட்டதற்கு இதுவே காரணம். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் செல்பவர் 25 கி.மீ. வேகத்தில் வீசும் எதிர்க்காற்றைச் சந்தித்தால், காற்றின் தடைவிசை காற்றில்லாத நாளைவிட ஏறத்தாழ 7 மடங்காகின்றது. இம்மாதங்களில் தேனியிலிருந்து கம்பத்துக்குச் செல்வது ஏற்றத்தில் செல்வது போலவும், திரும்பி வருவது இறக்கத்தில் வருவது போலவும் தோன்றும். எனவே சமவெளிப் பயணத்துக்கும் இங்கு கியர் பயன்படுகின்றது.

வகைகள்

அதிர்வுதாங்கி அமைப்பைக் கொண்டு மலை மிதிவண்டிகள் மூன்றாகப் பிரிக்கப்படுகின்றன. அதிர்வுதாங்கியே இல்லாதவை விறைப்பு வகை. முன்சக்கரத்துக்கு மட்டும் அதிர்வுதாங்கி உள்ளவை ஹார்ட்டெயில் எனப்படும். இரு சக்கரங்களுக்கும் உள்ளவை முழு அதிர்வுதாங்கி வகை.

பயன்பாட்டைக் கொண்டு பிரித்தால், நெடுந்தூர மண்பாதைக்கான கிராஸ்கன்ட்ரி வகையில் அதிர்வுதாங்கி 100 முதல் 120 மி.மீ. வரை அசையும். டிரெயில் வகையில் இது 120 முதல் 150 மி.மீ. வரை. இறக்கத்துக்கென்றே செய்யப்பட்ட டவுன்ஹில் வகையில் 200 மி.மீ. வரை இருக்கும். டவுன்ஹில் வண்டியை மிதித்து மலையேறுவது கடினம். வெளிநாடுகளில் அவ்வண்டிகளைக் கம்பிவட ஊர்தியில் ஏற்றி மேலே கொண்டுசெல்வர். அத்தகைய வசதி இல்லாத வருசநாட்டில் அவ்வகையைப் பற்றி மேலும் எழுதத் தேவையில்லை. 4 அங்குல அகல டயர் கொண்ட "ஃபேட் பைக்" மணலுக்கும் பனிக்கும் உருவானது. மூல வைகையின் மணலில் அது நன்றாகச் செல்லும், மற்ற எல்லா இடங்களிலும் சுமையாக இருக்கும். இறுதியாக, வளைந்த கைப்பிடியும் நடுத்தர அகல டயரும் கொண்ட "கிராவல்" வகை மலை மிதிவண்டி அல்ல எனினும், தார்ச்சாலையும் நல்ல மண்பாதையும் கலந்த நெடும்பயணத்துக்குப் பல வேளைகளில் அதைவிடப் பொருத்தமானது.

கியர்

மலைப்பகுதியில் வாழ்பவர் மிதிவண்டி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது கியரின் எண்ணிக்கையை அன்று, மிகத் தாழ்ந்த கியரின் அளவை. "21 கியர்", "24 கியர்" என்னும் விளம்பரங்கள் இதைத் தெரிவிப்பதில்லை.

முன் பற்சக்கரத்தின் பற்களின் எண்ணிக்கையைப் பின் பற்சக்கரத்தின் பற்களால் வகுத்து, அதைச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால், பெடலை ஒரு சுற்று சுற்றும்போது வண்டி நகரும் தூரம் கிடைக்கும். முன்னே 44, பின்னே 18 பற்கள் கொண்ட, 28 அங்குலச் சக்கரமுடைய பழைய வகை மிதிவண்டியில் இது ஏறத்தாழ 5.5 மீட்டர். முன்னே 24, பின்னே 28 பற்கள் கொண்ட தொடக்கநிலை மலை மிதிவண்டியின் தாழ்ந்த கியரில், 26 அங்குலச் சக்கரத்துடன், ஏறத்தாழ 1.75 மீட்டர். முன்னே 22, பின்னே 34 பற்கள் எனில் 1.33 மீட்டர். முன்னே ஒரே பற்சக்கரம், பின்னே 12 என்னும் இன்றைய அமைப்பில், 32க்கு 51 பற்களும் 29 அங்குலச் சக்கரமும் இருப்பின் 1.45 மீட்டர்.

இந்த எண்களின் பொருளை ஓர் ஏற்றத்தில் வைத்துப் பார்க்கலாம். ஓட்டுபவர் 65 கிலோ, வண்டி 15 கிலோ, தண்ணீரும் பையும் 5 கிலோ, ஆக 85 கிலோ எனக் கொள்வோம். 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஏற ஏறத்தாழ 130 வாட் திறன் வேண்டும். ஓரளவு பயிற்சி உள்ளவரால் இதைத் தர இயலும். ஆனால் பழைய வகை மிதிவண்டியில் இந்த வேகத்துக்கு நிமிடத்துக்கு 24 சுற்றுகளே மிதிக்க முடியும். அப்போது பெடலின் மீது சராசரியாக 31 கிலோ எடைக்குச் சமமான விசை இடைவிடாது வேண்டும். கால் கீழிறங்கும் கணத்தில் அது ஏறத்தாழ இரு மடங்காகும். அதாவது முழு உடல் எடையையும் ஒற்றைக் காலில் ஏற்றி நின்று மிதிக்க வேண்டும். 1.75 மீட்டர் கியரில் அதே வேகம், அதே திறன். ஆனால் நிமிடத்துக்கு 76 சுற்றுகள், சராசரி விசை 10 கிலோவுக்கும் குறைவு. செய்யும் வேலை ஒன்றே, முழங்கால் தாங்கும் சுமைதான் வேறு. போடிமெட்டு ஏறுபவர் முழங்கால் வலியோடு திரும்புவதும் வலியில்லாமல் திரும்புவதும் இந்த ஒரு வகுத்தல் கணக்கில் உள்ளது.

வண்டியின் எடையைப் பற்றியும் இங்கே கூறலாம். மேலே கூறிய 85 கிலோவோடு 5 கிலோ கூடினால் ஏற்றத்தில் தேவைப்படும் திறன் ஏறத்தாழ 6 விழுக்காடுதான் கூடுகின்றது. ஒரு கிலோ எடையைக் குறைக்கப் பல ஆயிரம் ரூபாய் செலவிடுவதைவிட, பின்பக்கம் பெரிய பற்சக்கரம் கொண்ட தொகுதியை மாற்றுவது பயன் மிகுந்தது.

இது விலை உயர்ந்த வண்டிகளுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. தமிழ்நாடு அரசு மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கி வருகின்றது. இத்திட்டம் 2001-02 கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கப்பட்டுப் பின்னர் விரிவாக்கப்பட்டது. இவை ஒற்றைக் கியர் வண்டிகள். ஏற்றமான சாலையில் பள்ளிக்குச் செல்லும் மாணவர் பின்பக்க ஃப்ரீவீலை 18 பற்களுக்குப் பதிலாக 22 பற்கள் கொண்டதாக மாற்றினால் மிதிக்கும் விசை 18 விழுக்காடு குறையும். சங்கிலியில் ஓரிரு கண்ணி சேர்க்க வேண்டியிருக்கும். சாதாரணச் சைக்கிள் கடையில் சிறிது நேரத்தில் செய்யக்கூடிய வேலை இது. சமதரையில் வேகம் சற்றுக் குறையும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பிரேக்

ஏற்றத்தில் தவறான வண்டி களைப்பைத் தரும்; இறக்கத்தில் தவறான வண்டி உயிரைப் பறிக்கும். ஆகவே பணம் குறைவாக இருப்பவர் வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் பிரேக்கில் பிடிக்கலாகாது.

85 கிலோ எடை 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது ஏறத்தாழ 834 கிலோசூல் ஆற்றல் வெளிப்படுகின்றது. இரண்டரை லிட்டர் தண்ணீரை 20 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் இது. போடிமெட்டிலிருந்து போடிக்கு இறங்குபவர் ஏறத்தாழ இவ்வளவு உயரம் இறங்குகிறார். இதில் ஒரு பகுதியைக் காற்றுத் தடை எடுத்துக்கொள்ளும். மெதுவாக இறங்குபவருக்கு அந்த உதவி குறைவு. பெரும்பகுதி பிரேக் கட்டையிலும் ரிம்மிலும் அல்லது வட்டிலும் வெப்பமாகும்.

ரிம்மைப் பற்றும் பிரேக்குகளில் பழைய கேலிப்பர் வகை, அதைவிட வலுவான வி-பிரேக் என இரண்டு உண்டு. இவற்றின் பிடி ரிம்மின் உலோகத்தைப் பொறுத்தது. அலுமினிய ரிம்மில் வி-பிரேக் நன்றாகப் பிடிக்கும். பளபளப்பான குரோமியம் பூசிய எஃகு ரிம் மழையில் நனைந்தால் பிடி பெருமளவு குறைந்துவிடும். சாரலும் மூடுபனியும் வழக்கமான மலைச்சாலையில் எஃகு ரிம் கொண்ட வண்டியை இறக்குவது இடர் மிகுந்தது. மேலும், நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து பிடித்தால் ரிம் சூடேறி உள்ளே உள்ள டியூப் வெடிக்கக்கூடும்.

டிஸ்க் பிரேக்கில் வெப்பம் டயரைவிட்டு விலகி நடுவே உள்ள வட்டில் உண்டாவதால் இச்சிக்கல் இல்லை. ரிம் நனைந்தாலும் சேறானாலும் பிடி குறைவதில்லை. கம்பியால் இயங்குவது, எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது என இது இரு வகைப்படும். எண்ணெய் வகைக்கு விரல் வலிமை குறைவாகவே தேவைப்படும், பிடியும் சீரானது. ஆனால் குழாயில் காற்று புகுந்தால் அதை வெளியேற்றத் தனிக் கருவி வேண்டும். சிற்றூர்களில் அக்கருவி உள்ள கடையைக் காண்பது அரிது. கம்பி வகையின் கம்பி அறுந்தாலோ தளர்ந்தாலோ எந்தச் சைக்கிள் கடையிலும் சரிசெய்யலாம். மயிலாடும்பாறை, வருசநாடு பகுதியில் அன்றாடம் ஓட்டுபவருக்குக் கம்பி டிஸ்க் பிரேக்கும், வார இறுதியில் மலைச்சாலை ஏறி இறங்கும் தேனி, கம்பம் வாசிகளுக்கு எண்ணெய் டிஸ்க் பிரேக்கும் பொருந்தும் எனலாம்.

எந்தப் பிரேக்காயினும் இறக்கம் முழுவதும் அழுத்திக்கொண்டே வருவது தவறு. வளைவுக்கு முன் இரு பிரேக்குகளையும் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பின் விட்டு, ஆறவைத்து இறங்க வேண்டும். முன்பிரேக்கைப் பிடித்தால் கவிழ்ந்துவிடும் என்று அஞ்சிப் பின்பிரேக்கை மட்டும் பயன்படுத்துவோர் பலர். உடலைப் பின்னே தள்ளி முன்பிரேக்கை மெல்லப் பயன்படுத்தப் பழகாதவர் மலைச்சாலைக்குச் செல்லாதிருப்பதே நல்லது.

அதிர்வுதாங்கி

விற்பனையில் மிகுதியாக ஏமாற்றம் தரும் பாகம் இதுவே. இருபதாயிரம் ரூபாய்க்கு உட்பட்ட வண்டிகளில் வரும் முன் அதிர்வுதாங்கி பெரும்பாலும் எஃகுச் சுருள்வில் மட்டுமே. வில் அமுங்கும், ஆனால் எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் எண்ணெய்த் தணிப்பு அதில் இருப்பதில்லை. கல்லின் மீது ஏறினால் கைப்பிடி துள்ளும். எடையோ விறைப்புக் கவையைவிட ஒன்று முதல் ஒன்றரை கிலோ வரை கூடுதல். இதே விலையில் பின்பக்கமும் சுருள்வில் வைத்த வண்டி இன்னும் மோசமானது. ஒவ்வொரு மிதிப்பிலும் வில் அமுங்கி, ஏற்றத்துக்குச் செல்ல வேண்டிய உழைப்பின் ஒரு பகுதியை விழுங்கிவிடும். மூட்டுகளில் சில மாதங்களில் ஆட்டம் காணும்.

ஆகவே குறைந்த விலையில் வாங்குபவர் அதிர்வுதாங்கி இல்லாத வண்டியையும் 2 அங்குலத்துக்கு மேல் அகலமான நல்ல டயரையும் தேர்ந்தெடுப்பது சிறந்தது. அகன்ற டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து ஓட்டினால் அதுவே நல்ல அதிர்வுதாங்கியாகின்றது. கூடுதல் விலையில் வாங்குபவர் காற்றழுத்தமும் எண்ணெய்த் தணிப்பும் உள்ள 100 மி.மீ. முன் அதிர்வுதாங்கியை நாடலாம். தார்ச்சாலை ஏற்றத்தில் அதைப் பூட்டிவைக்கும் திருகு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நலம்.

சக்கரமும் முள்ளும்

மலை மிதிவண்டிச் சக்கரங்கள் 26, 27.5, 29 அங்குலம் என மூன்று அளவுகளில் கிடைக்கின்றன. இவற்றின் ரிம் விட்டம் முறையே 559, 584, 622 மி.மீ. ஆகும். பெரிய சக்கரம் குழியையும் கல்லையும் எளிதில் கடக்கும். சிறிய சக்கரம் குறுகிய வளைவில் எளிதில் திரும்பும். உயர்ந்த விலை வண்டிகளில் 26 அங்குலம் ஏறத்தாழ மறைந்துவிட்டது. எனினும் சிறிய ஊர்க் கடைகளில் டயர், டியூப், கம்பிகள் எளிதில் கிடைப்பது இவ்வளவுக்குத்தான். தேனியிலிருந்து தொலைவில் வாழ்பவர்கள் இதைக் கருத வேண்டும்.

வருசநாட்டுப் பகுதியில் மிதிவண்டியின் முதற் பகை கல் அன்று, முள். வறண்ட நிலமெங்கும் பரவியுள்ள சீமைக்கருவேலம், வேலியாக வெட்டிப் போடப்படும் முட்கிளைகள், பாதையோர நெருஞ்சி ஆகியன எந்த விலை டயரையும் துளைக்கும். இதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, தடித்த டியூபும் டயருக்கும் டியூபுக்கும் இடையில் வைக்கும் பட்டையும். பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி உள்ளே வைப்பதும் இதன் எளிய வடிவமே. இரண்டாவது, டியூபுக்குள் அடைப்புத் திரவம் ஊற்றுவது. சிறு துளைகள் தாமே மூடிக்கொள்ளும். மூன்றாவது, டியூப் இல்லாத டயரில் அதே திரவத்தை ஊற்றுவது. முட்காட்டுக்கு மூன்றாவது வழியே சிறந்ததாயினும் அதற்குரிய ரிம் வேண்டும். வெயிலில் திரவம் சில மாதங்களில் உலர்ந்துவிடுவதால் அவ்வப்போது நிரப்பவும் வேண்டும். எந்த வழியைக் கைக்கொண்டாலும் ஒட்டுப் பசை, ஒட்டுத்துண்டு, சிறு காற்றடிப்பான் ஆகியன பையில் இருக்க வேண்டும். துளைத்த முள்ளை டயரின் உட்புறத்தில் தடவிப் பார்த்து எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டுவோர் அடுத்த ஓடைக்கு முன்பே மறுபடி இறங்குவர்.

மணலில் காற்றைக் குறைத்தும் தார்ச்சாலையில் கூட்டியும் ஓட்ட வேண்டும். 2 அங்குல அகல டயரில் 65 கிலோ எடையுள்ளவருக்கு மண்பாதையில் ஏறத்தாழ 30 முதல் 35 பிஎஸ்ஐ, தார்ச்சாலையில் 45 முதல் 50 பிஎஸ்ஐ பொருத்தமாக இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிடப்பட்டுள்ள எல்லையைத் தாண்டலாகாது.

சட்டக அளவு

கடையில் "என்ன சைஸ்?" என்று கேட்கப்படும்போது பெரும்பாலும் சக்கரத்தின் அளவே குறிக்கப்படுகின்றது. உடலுக்குப் பொருந்த வேண்டியது சட்டகத்தின் அளவு. ஒரே 27.5 அங்குலச் சக்கரத்தில் வெவ்வேறு சட்டக அளவுகள் உண்டு. உயரம் 155 முதல் 165 செ.மீ. உள்ளவர்களுக்கு 15 அல்லது 16 அங்குலச் சட்டகமும், 165 முதல் 175 செ.மீ. உள்ளவர்களுக்கு 17 அல்லது 18 அங்குலமும், அதற்கு மேற்பட்டவர்களுக்கு 19 அங்குலமும் பொதுவாகப் பொருந்தும். பழைய வகை மிதிவண்டியின் 22, 24 அங்குல அளவுகளை இவற்றோடு ஒப்பிடலாகாது. மலை மிதிவண்டியின் மேற்குழாய் வேண்டுமென்றே தாழ்த்தி அமைக்கப்படுகின்றது. வண்டியின் மேற்குழாய்க்கு இருபுறமும் காலூன்றி நின்றால் குழாய்க்கும் உடலுக்கும் இடையே குறைந்தது 5 செ.மீ. இடைவெளி வேண்டும்.

இருக்கை உயரம் எளிதில் கணக்கிடக்கூடியது. வெறுங்காலில் சுவரோரம் நின்று கால்கவட்டிலிருந்து தரை வரை அளந்து, அதை 0.883ஆல் பெருக்கினால், பெடல் தண்டுகள் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரையிலான தூரம் கிடைக்கும். உட்கார்ந்தபடியே இரு கால்களும் தரையில் முழுதாக ஊன்ற வேண்டும் என்று கருதி இருக்கையைத் தாழ்த்துவது நம் ஊர்களில் வழக்கம். முழங்கால் வலிக்கு அதுவும் ஒரு காரணம். செங்குத்தான மண்ணிறக்கத்தில் மட்டும் தற்காலிகமாகத் தாழ்த்திக்கொள்ளலாம்.

சட்டகப் பொருள் பெரும்பாலும் அலுமினியக் கலப்புலோகம் அல்லது எஃகு. எஃகு எடை கூடியது. ஆனால் விரிசல் கண்டால் உள்ளூர்ப் பட்டறையில் பற்றவைக்கலாம். அலுமினியத்தை அவ்வாறு பற்றவைத்தால் அந்த இடம் வலுவிழக்கும். கரிமநார்ச் சட்டகம் பந்தயக்காரர்களுக்கு உரியது.

காடும் அனுமதியும்

வண்டி பொருத்தமாக இருப்பதால் மட்டும் எங்கும் ஓட்டிவிட முடியாது. வருசநாடு, மேகமலைப் பகுதியின் காடுகள் 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தில் அடங்குகின்றன. இதன் பரப்பு ஏறத்தாழ 1,016 சதுர கிலோமீட்டர். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி வேண்டும். மிதிவண்டி எந்திரம் இல்லாதது, ஓசையற்றது என்பது இதற்கு விலக்கு ஆகாது. உண்மையில் ஓசையின்மையே ஆபத்து. மோட்டார் ஒலியைக் கேட்டு விலகும் யானையும் காட்டெருமையும், வளைவில் திடீரெனத் தோன்றும் மிதிவண்டியைக் கண்டு மிரளும். மேகமலைச் சாலையிலும் சோதனைச்சாவடியும் இரவுப் பயணக் கட்டுப்பாடும் உள்ளன.

2018 மார்ச் 11 அன்று போடி அருகே உள்ள குரங்கணி மலையில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குச் சென்ற குழுவினர் சிக்கி 23 பேர் உயிரிழந்தனர். அவர்கள் மிதிவண்டியில் சென்றவர்கள் அல்லர். ஆயினும் கோடையில் உலர்ந்த புல்வெளிச் சரிவுகளில் தீ எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதையும், அனுமதியும் வழிகாட்டியும் ஏன் கேட்கப்படுகின்றன என்பதையும் அந்நிகழ்வு காட்டியது. அதன் பின் தமிழ்நாடு அரசு 2018இல் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் செல்லும் பழைய பாதையை மலை மிதிவண்டிப் பாதையாகக் கற்பனை செய்வோர் உண்டு. ஒரு காலத்தில் கேரளப் பக்கத்துத் தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி இறங்கிய சரிவு அது. வண்டியைத் தோளில் சுமந்து நடப்பதற்கு மிதிவண்டி தேவையில்லை.

அனுமதி தேவைப்படாத பாதைகளே இப்பகுதியில் ஏராளம். கடமலைக்குண்டு முதல் வருசநாடு வரையிலான ஊர்ப்பாதைகள், கம்பம் பள்ளத்தாக்கின் வயற்பாதைகள், பொது மலைச்சாலைகள் ஆகியவற்றை ஓட்டி முடிக்கவே பல வாரங்கள் ஆகும். தனியார் தோப்பு வழியே செல்லும் பாதையில் உரியவரைக் கேட்டுச் செல்வது முறை.

பயன்படுத்திய வண்டி வாங்குதல்

நடுத்தர விலையில் நல்ல பிரேக்கும் கியரும் வேண்டுவோருக்குப் பயன்படுத்திய வண்டி ஒரு நல்ல வழி. நகரங்களில் ஆர்வத்தில் வாங்கிச் சில மாதங்களில் மாடியில் நிறுத்தப்பட்ட வண்டிகள் நிறைய விற்பனைக்கு வருகின்றன. வாங்கும்போது சட்டகத்தின் பற்றவைப்பு இடங்களில், குறிப்பாகக் கைப்பிடித் தண்டுக்குக் கீழேயும் இருக்கைக் குழாயின் அடியிலும், வண்ணப்பூச்சில் மயிரிழை போன்ற கீறல் உள்ளதா என்று பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அத்தகைய கீறல் உள்ள வண்டியை எந்த விலைக்கும் வாங்கலாகாது. முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றவிட்டு ரிம் பிரேக் கட்டைகளுக்கிடையே நேராக ஓடுகிறதா என்று காணலாம். முன்பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் கைப்பிடிக் கழுத்தில் "டக் டக்" என்று ஒலி கேட்கக் கூடாது. 12 கண்ணிகளின் நீளம் புதிய சங்கிலியில் சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மி.மீ.; 307 மி.மீ.ஐத் தாண்டியிருந்தால் சங்கிலியையும், பெரும்பாலும் பின் பற்சக்கரத் தொகுதியையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசலாம்.